ஓகிகுவின் கிமோனோ மடிப்பு

"ஏம்மா, ஓகிகு செத்துப்போயிட்டாளா?"

புத்தாண்டு நாள் காலையில், ஒரு வாழ்த்துகூடச் சொல்லாமல், முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் தொலைபேசியில் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்து ஓகிகு என்று ஒருத்திதான் உண்டு. எங்கள் நாளிதழின் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில், மேல்மூலையில், நான்கு கட்டச் சிரிப்புப் படத்துக்குள் குடியிருப்பவள்.

"எந்த ஓகிகுங்க?" என்றேன்.

"பக்கத்து வீட்டு ஓகிகுதான். வேற எவ? படத்தை எடுத்துப் பாரு. பாத்துட்டுச் சொல்லு, நான் வெச்சிட மாட்டேன்."

எடுத்துப் பார்த்தேன். வருடா வருடம் ஜனவரி முதல் தேதி வருகிற படம்தான். கடைசிக் கட்டத்தில் ஓகிகுவும் அவள் புருஷன் டான்ஜியும் பாயில் உட்கார்ந்து வாசகர்களை வணங்குகிறார்கள். டான்ஜி கோட்டும் டையுமாகத் தப்பித்துவிட்டான். கிமோனோ உடுத்தியிருந்த ஓகிகுவுக்கு இடப்பக்கத் துணி உள்ளே போய், வலப்பக்கத் துணி அதன் மேலே வந்திருந்தது.

உயிரோடிருக்கிற எவரும், ஆணோ பெண்ணோ, வலப்பக்கத்தை உள்ளே விட்டு இடப்பக்கத்தை அதன் மேலே கொண்டுவந்துதான் கிமோனோ கட்டுவார்கள். மாற்றிக் கட்டுவது பெட்டியில் படுக்க வைக்கப்போகிற பிணத்துக்கு மட்டும்தான். குளித்துவிட்டு வருகிற குழந்தை தெரியாமல் மாற்றிப் போட்டுக்கொண்டால்கூடத் தாய்மார்கள் பதறிப்போய் அவிழ்த்துவிடுவார்கள். அந்தக் கோலத்தில் எங்கள் ஓகிகு, வருடத்தின் முதல் நாளே, தொயாமா மாவட்டம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சிரித்து வணங்கியிருக்கிறாள்.

"அச்சுப் பிழைங்க. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அச்சு எப்படிம்மா கிமோனோ கட்டும்?"

எனக்கு வாய் அதிகம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்த வாயால் அன்று மன்னிப்பு மட்டும்தான் கேட்க முடிந்தது. விசாரித்துச் சொல்வதாகக் கிழவரிடம் சொல்லி வைத்தேன். பெயரைக் கேட்டபோது ஹமானோ என்றார், ஹிமியில் மீன் ஏலம் விடுகிறவராம். வைத்த கை எடுப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது.

நான் தகேஹாரா மிசாவோ. கல்யாணம் ஆகாதவளுக்குப் புத்தாண்டன்று வீட்டில் என்ன வேலை என்று அலுவலகமே முடிவு செய்து, வருடா வருடம் என்னைத்தான் அன்று காவலுக்கு உட்கார வைக்கும். 'பக்கத்து வீட்டு ஓகிகு' படத்தை ஓவியர் வீட்டுக்குப் போய் வாங்கி வருவதும் என் வேலைதான். சேர்ந்த புதிதில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னிடம், வேறு யாரும் அலையத் தயாராக இல்லாததால் தள்ளிவிடப்பட்ட வேலை அது. தள்ளிவிட்டவர்கள் மகராசர்களாக இருக்கட்டும். அதைவிட நல்லது ஒன்று அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஓவியர் ஹோரிடா செய்கிச்சி. போர் முடிந்து ஊர் திரும்பியவர், மருந்து விற்க வருகிறவர்கள் குழந்தைகளுக்கு இனாமாகக் கொடுக்கும் காகித பலூன்களில் படம் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் எங்கள் பத்திரிகையில் கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வராமல் போய் மூலை காலியாகிவிட்டது. "ஒரு வாரத்துக்கு எதையாவது கிறுக்கிக் குடு" என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு வாரம் இருபது வருடத்துக்கும் மேலாக நீண்டுவிட்டது. தேர்தல் வந்தது, வெள்ளம் வந்தது, கூரை அளவுக்குப் பனி கொட்டி ரயில் நின்றது. ஓகிகு மட்டும் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அந்தப் புத்தாண்டுக்கு முந்தைய நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்து, கழிப்பறைக் காகிதத்துக்கு நாடே வரிசையில் நின்றதே, அப்போது அவளும் வரிசையைக் கண்டதும் ஓடிப்போய் நின்றாள். கடைசியில் பார்த்தால் அது பேருந்துக்கான வரிசை. நான்காவது கட்டத்தில் ஓகிகு வெறுங்கையோடு பக்கத்து ஊரில் இறங்கி நிற்பாள்.

ஓகிகுவின் வட்ட முகமும் அவசர புத்தியும் யாருடையவை என்று அந்த வீட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். செய்கிச்சியின் மனைவி ஃபுசாயே அப்படியே ஓகிகுதான். கட்டங்களுக்குக் கோடு போடுவது, கறுப்பு நிரப்புவது எல்லாம் ஃபுசாயேவின் வேலை. முக்கியமாகக் கிமோனோ. எதிரே உட்கார்ந்திருப்பவரை வரையும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். செய்கிச்சிக்கு அதில் தலை சுற்றும். முகத்தையும் கையையும் வரைந்துவிட்டு உடம்பை வெறுமையாக விட்டுவிடுவார். ஃபுசாயே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மடிப்பும் பூவேலையும் போட்டு ஆளை முழுதாக்குவார்.

முடிந்த படத்தைத் தாழ்மேசையின் ஓரத்தில், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற மாதிரி வைப்பார் செய்கிச்சி. நானும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஃபுசாயே சிரித்தால் நான் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். "ம்" என்று மட்டும் சொன்னால் போச்சு, அவர் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளை எடுப்பார். நான் மறுபடி பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து காய்ந்த சீமைப்பனிச்சைப் பழம் தின்பேன். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் பனியில் நடந்தால் குளிரே தெரியாது. இன்றுவரை அந்தச் சிரிப்புக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

அதே நவம்பர் கடைசியில் ஃபுசாயே இறந்துபோனார். பத்திரிகையில் செய்தி போட வேண்டாம், படம் பார்க்கிறவர்களின் மூடு கெட்டுவிடும் என்று செய்கிச்சி சொல்லிவிட்டார். அவர்கள் இருவரும் முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தவை கொஞ்ச நாள் ஓடின. அப்புறம் வந்த படங்களில் ஓகிகு எந்நேரமும் கழுத்துவரை மூடிய சமையல் மேலங்கியிலேயே இருந்தாள். இல்லாவிட்டால் கனத்த கோட்டில் இருந்தாள். இல்லாவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். மடிப்பு வரையத் தெரியாதவர் இப்படியெல்லாம் சமாளிக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

டிசம்பர் நடுவில் சொன்னார்: "போதும் மிசாவோ-சான். புது வருஷப் படத்தை மட்டும் வரைஞ்சு குடுக்கறேன். அதோட சரி."

கேட்டதும் எங்கள் பிரிவுத் தலைவர் கியோதானி வருத்தப்பட்டார் என்று சொல்ல ஆசைதான். அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். காகிதம் கிடைக்காமல் பத்திரிகையே பக்கங்களைக் குறைத்து இளைத்துக் கிடந்த காலம் அது. ஒரு மூலை மிச்சமானால் அவருக்கு லாபம். நான்தான் மனசு கேட்காமல், எப்படியாவது அவர் மனத்தை மாற்றிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையின் மேல்தான் இப்போது இந்தப் பிணக்கோலம் வந்து உட்கார்ந்திருந்தது. புத்தாண்டுப் படம் அச்சுக்குப் போகுமுன் எத்தனை பேர் பார்த்தோம்! எல்லோரும் ஓகிகுவின் முகத்தைப் பார்த்தோமே தவிர, ஒருவர் கண்ணிலும் மடிப்பு படவில்லை.

காலை முழுக்கத் தொலைபேசி அலறியது. "வருஷம் பொறக்கும்போதே அபசகுனமா?" என்று ஒரு விடுதிக்காரர் கத்தினார். மற்றவர்கள் கத்தவில்லை. "ஓகிகுவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஓர் அம்மாள் கிசுகிசுத்த குரலில் கேட்டாள், யாரோ பக்கத்தில் தூங்குகிற மாதிரி. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், "அவளைச் சாகடிக்கப்போறீங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க, என் பொண்ணைத் தயார்பண்ணணும்" என்றார். ஹிமிக் கிழவர் ஹமானோ மறுபடியும் கூப்பிட்டார். "விசாரிச்சியா? எங்க வீட்ல புத்தாண்டு சூப்பு ஆறிப்போய்க் கிடக்கு. அவ நல்லாருக்கான்னு தெரியாம நான் எப்படிம்மா கரண்டியைத் தொடுவேன்?"

அடுத்து கியோதானி, வீட்டிலிருந்து. வாய் நிறைய அரிசிப் பணியாரம்.

"பாத்தேன், பாத்தேன். என் மாமியார் பேப்பரை என் மூஞ்சிலயே எறிஞ்சாங்க. நாளைக்கு பேப்பர் கிடையாது, தப்பிச்சோம். மூணாந்தேதி மன்னிப்புன்னு நாலு வரி போடு. அந்த மூலையில மண்ணெண்ணெய் விநியோக அறிவிப்பைப் போட்டுடு. அந்தாளும் நிறுத்தணும்னுதானே சொன்னாரு?"

"சார், அவரு சம்சாரம் செத்து இன்னும்..."

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன். விட்டுடு அவரை."

விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியைப் வாசல் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு டிராம் பிடித்து, இத்தாச்சி ஆற்றோரம் முழங்கால் பனியில் நடந்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் புத்தாண்டுத் தோரணம் இல்லை, துக்க வீடு. கணப்பில் மண்ணெண்ணெய் அரைகுறையாக எரிந்துகொண்டிருந்தது. வழிபாட்டு மாடத்தில் ஃபுசாயே புகைப்படத்துக்குள்ளிருந்து, இப்போதுதான் யாரோ எதையோ கொட்டிவிட்டதைப் பார்த்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மிசாவோ-சான், அடுத்த படமா? அதான் கடைசின்னு சொன்னேனே" என்றார் செய்கிச்சி.

பத்திரிகையை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, தன் நெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்து, இடது மேலே வலது, வலது மேலே இடது என்று மெதுவாக மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி நான்தான் கட்டிவிட்டேன்" என்றார். "குளியல் கடை ஹருயோ பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா, இப்படி மாத்திக் கட்டணும்னு. இத்தனை வருஷத்துல நான் கத்துக்கிட்ட மடிப்பு அந்த ஒண்ணுதான். கை அதையே வரைஞ்சிருக்கு."

நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துச் சொன்னார்:

"விடுங்க. ஓகிகுவும் அவகூடவே போயிட்டா. நல்ல முடிவுதான்."

அந்த நொடியில் என் அழுகையெல்லாம் கோபமாகிவிட்டது. "யாரைக் கேட்டு அனுப்பினீங்க சென்செய்? அவ உங்க வீட்டுப் பொம்பளை மட்டும்தானா? ஹிமியில ஒரு கிழவரு, அவ நல்லாருக்கான்னு தெரியாம புத்தாண்டு சூப்பைத் தொட மாட்டேங்கறாரு. ஒரு வாத்தியாரு தன் பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு முழிக்கறாரு. காலையிலேர்ந்து ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி என் காதே வெந்துபோச்சு!"

"திட்டறாங்களா?"

"திட்டினா தேவலையே! உடம்புக்கு என்னன்னு கேக்கறாங்க!"

அவர் என்னை ஏதோ புரியாத மொழி பேசுகிறவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். தன் படத்தை ஃபுசாயே பார்ப்பது அவருக்குத் தெரியும். அதற்கு அப்பால் ஒரு மாவட்டமே ஓகிகுவைத் தங்கள் பக்கத்து வீட்டில் குடிவைத்திருக்கிறது என்பதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை போலும்.

அப்போது வாசற்கதவை யாரோ தடாலென்று இழுத்தார்கள். பக்கத்தில் பொதுக் குளியல் கடை நடத்துகிற ஹருயோ, பண்டிகைக் கிமோனோவோடு, கையில் மூடி போட்ட சட்டியோடு வந்து நின்றாள். துக்க வீட்டில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக் கூடாது என்பதால், "சரியான பனி" என்று மட்டும் சொல்லி, வேகவைத்த முள்ளங்கியை மேசையில் வைத்தாள். பத்திரிகை விரிந்து கிடப்பதைப் பார்த்ததும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இதைக் கேக்கத்தான் வந்தேன், செய்கிச்சி-சான். ஊரு முன்னாடி அந்தப் பொண்ணைப் பிணம் மாதிரி கட்டி உக்கார வெச்சிட்டு, நீங்க இங்க சொகுசா குளிர் காயறீங்களா? எழுந்திருங்க. போயி ஒழுங்காக் கட்டிவிடுங்க!"

"எனக்கு வராதே."

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க. சொல்லிக் குடுத்தேன், கட்டலையா? அதைக் கத்துக்கிட்டவருக்கு இதைக் கத்துக்க என்ன கேடு?"

செய்கிச்சி எழுந்துபோய்ப் பெட்டகத்தைத் திறந்து, ஃபுசாயேவின் நீலக் கிமோனோவை எடுத்துவந்தார்.

"நாப்பத்தொன்பதாம் நாள் காரியம்கூட ஆகலையே, எடுக்கலாமா?" என்று ஹருயோவே தயங்கினாள்.

"ஃபுசாயே கோவிச்சுக்க மாட்டா. கொடியில காயற துணியைக்கூட அடுத்தவங்களுக்குக் குடுத்தவ."

கட்டிக் காட்ட நான்தான் அகப்பட்டேன்; குளிரில் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று நான் அடம்பிடிக்க, அதன் மேலேயே கிமோனோவைப் போட்டு, வயல் பொம்மை மாதிரி கையை விரித்து நிற்க வைத்தாள் ஹருயோ. கற்பூர வாசனை குப்பென்று வந்தது. "வலது உள்ள. பாத்தீங்களா? இப்ப இடது மேல. மிசாவோ, நெளியாதே!" அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்துவிட்டு, "இப்ப நீங்க" என்று விலகி நின்றாள்.

மை படிந்த விரல்களால் துணியின் ஓரத்தைப் பிடித்து, என் மேல் பட்டுவிடாமல், வலப்பக்கத்தை உள்ளே விட்டு இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து வைத்தார் செய்கிச்சி. சரியாக வந்தது. ஆனாலும் ஓரத்தை விடாமல் பிடித்தபடியே நின்றார்.

"உயிரோட இருந்தப்ப ஒரு தடவைகூட அவளுக்கு இப்படிக் கட்டிவிட்டதில்லையே" என்றார்.

ஹருயோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு முள்ளங்கியைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குப் போக இடமில்லை. அவர் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துக்க நாள் கழிந்து ஃபுசாயேவின் துணிமணிகளைப் பகிர்ந்தபோது அந்தக் கிமோனோவை எனக்கே கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

அவர் வரைய உட்கார்ந்தார். நான் கிமோனோவோடு எதிரே உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் ஓகிகு, புத்தாண்டுப் படத்தில் இருந்தபடியே, மாற்றிக் கட்டிய மடிப்போடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவதில் டான்ஜி அதைப் பார்த்துவிட்டுக் கண் பிதுங்கக் குதிக்கிறான். மூன்றாவதில் நாக்கைத் துருத்திக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, மண்டியிட்டு அவளுக்கு மடிப்பைச் சரிசெய்துவிடுகிறான். அந்த மடிப்பைச் செய்கிச்சி தன் கையாலேயே போட்டார். வலது உள்ளே, இடது மேலே. நான்காவதில் ஓகிகு அவன் மேல் பாய்கிறாள்: "இவ்வளவு நேரமா? விறைச்சே போயிட்டேன்!"

கட்டத்தின் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார்.

"துக்கத்துல இருக்கறவன் வாழ்த்துச் சொல்லக் கூடாது. நன்றி சொல்லலாம் இல்லையா?"

"தாராளமா" என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள் ஹருயோ.

'கவலைப்பட்ட எல்லாருக்கும் நன்றி' என்று ஓகிகுவின் கையெழுத்தில் எழுதினார். எழுதிவிட்டு, பழக்கம் விடவில்லை, படத்தை மேசையின் ஓரத்தில், அடுப்படிப் பக்கமாகத் திருப்பி வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையை அப்படியே தாளின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து ஹருயோ கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். டான்ஜியின் நாக்கைப் பார்த்தாள். குளியல் கடையில் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒருசேரக் கேட்கிற அந்தச் சிரிப்பை அவிழ்த்துவிட்டாள். பிடித்து வைத்திருந்த மூச்சு எனக்கும் சிரிப்பாகவே வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, மேலே பிறத்தியார் கிமோனோ, என் கோலத்தைப் பார்த்துச் செய்கிச்சியும் சிரித்துவிட்டார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். "அடுத்ததுக்கு நாளன்னைக்கு வாங்க."

நான் எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் பக்கம் கோக்கிறவரிடம் நானே நேரில் கொடுத்து, கியோதானியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று துணிந்து சொல்லிவிட்டேன். மண்ணெண்ணெய் அறிவிப்பு கீழே போயிற்று.

மூன்றாம் தேதி காலை கியோதானி பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். "நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணியிருக்கே?" என்று ஆரம்பித்தார். தொலைபேசி மணி அடித்தது. எடுத்தேன்.

"சரியாக் கட்டிட்டாரும்மா!" ஹமானோ கிழவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அப்பாடா! இப்பத்தான் தொண்டையில ஒரு வாய் இறங்கிச்சு. அவங்க என்னமோ நமக்கு நன்றின்னு எழுதியிருக்காங்க. நாமல்ல சொல்லணும்? என் சம்சாரம் போனதுக்கப்புறம் காலையில என் வீட்டுக்குள்ள வர ஒரே பொம்பளை ஓகிகுதாம்மா. படம் போடறவருகிட்டச் சொல்லிடு."

என்னை அறியாமல் எழுந்து நின்று, தொலைபேசியைக் காதில் வைத்தபடியே குனிந்து வணங்கினேன். நிமிரவே மனம் வரவில்லை. கிழவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்: "நாளைக்கு? நாளைக்கும் உண்டில்ல?"

கியோதானி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். சுருட்டி வைத்திருந்த பத்திரிகையை மேசையில் விரித்து, அந்த மூலையை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"ஓகிகு வருவாங்க" என்றார், அவரும் தலை குனிந்து. "நாளைக்கும் வருவாங்க."